பாறையேறும் பிள்ளைகளும் கூடச் செல்லும் பெரியோரும்

எமது ஆலய இளைஞர் பிரிவினர் கோடை விடுமுறையில் பாறையேற்றப் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று நிர்வாக சபைக்குக் கடிதம் தந்திருக்கிறார்கள். முதலில் உள்ளரங்கச் சுவரில் ஒரு நாள், பின்னர் வெளியே உண்மையான பாறையில் ஒரு நாள், அதில் கயிற்றில் இறங்குதலும் இருக்க வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். கடிதம் வந்த வாரத்திலேயே பெற்றோரிடமிருந்து இரண்டு விதமான பேச்சுகள் எம் காதுக்கு எட்டின. "இந்த விளையாட்டு எங்களுக்கு ஏன்? விழுந்தால் ஆர் பொறுப்பு?" என்றார்கள் ஒரு பகுதியினர். "பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் போகுதுகள்தானே, நாலு அப்பாமார் கூடப் போனால் காணும்" என்றார்கள் மறு பகுதியினர்.

இதை விசாரித்து எழுதும்படி சபை எம்மில் மூவரைக் கேட்டது. ஒருவர் தாதி, ஒருவர் எமது தமிழ்ப் பாடசாலை ஆசிரியை, எழுதுவது கணக்கு எழுதிப் பழகிய கை. மூவரில் எவரும் பாறை ஏறியதில்லை. ஆகவே பாறையேற எப்படி என்று இங்கே கற்பிக்கப் போவதில்லை. பிறர் பிள்ளைகளைப் பொறுப்பெடுக்கும் ஒரு பெரியவர் என்ன கற்றிருக்க வேண்டும், அதை நாம் எப்படிக் கேட்டறிய வேண்டும் என்பதே எமது பாடம். முதற் பகுதியினரின் "ஆர் பொறுப்பு" என்ற கேள்வி மிகச் சரியான கேள்வி என்பது எமது எண்ணம். இரண்டாம் பகுதியினரின் "நாலு அப்பாமார்" என்பதில்தான் எமக்குச் சம்மதமில்லை.

எம்மில் பலர் யாழ்ப்பாணக் குடாநாட்டின் தட்டை நிலத்தில் பிறந்தவர்கள். கீரிமலை என்று பெயரில் ஒரு மலை இருந்தது. போய்ப் பார்த்தால் கேணியும் கடலும்தான். உயரம் என்றால் எமக்குப் பனையும் தென்னையும் கோயிற் கோபுரமும். காலில் தளைநார் போட்டுப் பனை ஏறிய தொழிலாளி அந்த வித்தையை வருடக் கணக்காக மூத்தவர்களோடு நின்று கற்றவர். அந்தத் திறமையை அந்த நாட்களில் நாம் உரியபடி மதிக்கவில்லை என்பது வேறு கதை. ஏறுவது ஒரு வித்தை என்று எமக்குத் தெரியும். ஆனால் கீழே நின்று பிறரை ஏற்றி இறக்குவது இன்னொரு வித்தை, அதற்குத் தனிப் படிப்பும் சோதனையும் உண்டு என்பது இந்த நாட்டுக்கு வந்த பின்னரே எமக்குத் தெரிய வந்தது.

முதலில் சொற்களை விளங்கிக்கொள்வோம்

பிள்ளைகளுக்கு வழக்கமாகக் கற்பிப்பது மேற்கயிறு முறை. கயிற்றின் ஒரு முனை பிள்ளையின் இடுப்புக் கச்சையில், அதாவது ஹார்னஸில், கட்டப்படும். கயிறு மேலே போய், உறுதியான பிடிமானம் ஒன்றில் வளைந்து, திரும்பக் கீழே வரும். கீழே நிற்கும் ஒருவர் அதை ஓர் உராய்வுக் கருவியினூடாகப் பிடித்துக்கொண்டு, பிள்ளை ஏற ஏறத் தளர்வை இழுத்து எடுப்பார். இதற்குப் பெயர் 'பிலே'. கருவிக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்திருக்கும் கையை எக்காரணம் கொண்டும் விடக்கூடாது. தும்மல் வந்தாலும், குளவி வந்தாலும், கைத்தொலைபேசி அடித்தாலும் விடக்கூடாது. கை பிடித்திருந்தால் பிள்ளை வழுக்கினாலும் சிறிது தூரத்தில் தொங்கி நிற்கும். விட்டால் நிலத்துக்கு வரும்.

பாறையிலிருந்து கயிற்றில் இறங்குவதை இங்கே 'அப்செயில்' என்கிறார்கள், அமெரிக்காவில் 'றப்பெல்'. பார்ப்பதற்கு இது ஏறுவதைவிட இலகு. மேலே நின்று காலை வைத்துப் பின்னால் சாய்ந்தால் சரி என்று தோன்றும். ஆனால் ஏறும்போது கைகாலே சுமையைத் தாங்குகிறது, கயிறு துணைக்கு நிற்கிறது. இறங்கும்போது முழுச் சுமையும் முதல் நொடியிலிருந்தே கயிற்றிலும் கருவியிலும் பிடிமானத்திலும்தான். எங்கேனும் ஒரு பிழை இருந்தால் அதைத் திருத்த அவகாசம் இல்லை. இதைப் பின்னர் விரிவாகப் பார்ப்போம்.

சட்டம் எப்படி வந்தது

இந்த நாட்டில் பிள்ளைகளின் சாகச விளையாட்டுக்கென ஒரு சட்டம் இருப்பதற்கு நான்கு பிள்ளைகளின் மரணம் காரணம். 1993 மார்ச் 22 அன்று பிளிமத் நகரப் பாடசாலை ஒன்றின் மாணவர் எட்டுப் பேர், ஓர் ஆசிரியர், தனியார் பயிற்சி நிலையம் ஒன்றின் பயிற்றுநர் இருவர் ஆகியோர் லைம் றீஜிஸ் கடற்கரையிலிருந்து கயாக் என்னும் சிறு படகுகளில் சாமத் என்ற ஊரை நோக்கிப் புறப்பட்டார்கள். காற்று அவர்களைக் கடலுக்குள் தள்ளியது. படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக நீர் நிறைந்து கவிழ்ந்தன. மாணவர் நால்வர் இறந்தனர்.

பின்னர் விசாரணையில் வெளிவந்தவற்றை வாசிக்கும்போது கணக்காய்வு செய்த எவருக்கும் நெஞ்சு பதறும். பிள்ளைகளைக் கூட்டிச் சென்ற பயிற்றுநர் இருவரிடமும் இருந்தது படகோட்டத்தின் ஆரம்பப் படிச் சான்று மட்டுமே. அதே நிலையத்தில் முன்பு வேலை செய்த இருவர், பாதுகாப்புப் போதாது என்று 1992இலேயே முகாமைக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். கடிதம் கோவையில் கிடந்தது. 1994 டிசம்பரில் நிலையத்தின் முகாமைப் பணிப்பாளர் சிறைக்கு அனுப்பப்பட்டார். கம்பனியும் ஆட்கொலைக் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டது. இங்கிலாந்துச் சட்ட வரலாற்றில் ஒரு கம்பனி அப்படித் தீர்க்கப்பட்டது அதுவே முதல் தடவை.

அந்த நிலையத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோரும் எம்மைப் போலவே படிவத்தில் கையெழுத்திட்டுப் பணம் கட்டியவர்கள். பயிற்றுநர் என்று எழுதிய மேற்சட்டையைப் பார்த்து நம்பியவர்கள். அந்தப் பெற்றோரும் பிளிமத் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினர் டேவிட் ஜேமிசனும் எடுத்த முயற்சியால் 1995இல் இளையோர் பாதுகாப்புக்கான நடவடிக்கை நிலையங்கள் சட்டம் நிறைவேறியது. 1996 முதல் அனுமதிப்பத்திர முறை நடைமுறைக்கு வந்தது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்குக் கட்டணம் பெற்றுப் பாறையேற்றம், நீர் விளையாட்டு, மலைநடை, குகைப் பயணம் என்ற நான்கு வகைகளில் நடத்துவோர் பெரிய பிரித்தானியாவில் அனுமதிப்பத்திரம் வைத்திருக்க வேண்டும். பெற்றிருக்கிறார்களா என்று எவரும் பதிவேட்டைப் பார்த்து அறியலாம்.

இப்போது கவனமாக வாசிக்க வேண்டிய இடம் வருகிறது. இந்தச் சட்டத்தில் விலக்குகள் உண்டு. பாடசாலை தன் சொந்த மாணவருக்கு நடத்தினால் அனுமதிப்பத்திரம் தேவையில்லை. தொண்டர் சங்கம் தன் சொந்த அங்கத்தவருக்கு நடத்தினாலும் தேவையில்லை. கட்டடத்துக்குள் இருக்கும் செயற்கைச் சுவர்களும் இந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. ஆக, எமது ஆலயம் தன் இளைஞர் பிரிவைத் தானே பாறைக்குக் கூட்டிச் சென்றால் அனுமதிப்பத்திரம் கேட்க எவரும் வரமாட்டார்கள். சிலர் இதைக் கேட்டு "அப்ப பிரச்சினை இல்லை" என்று மகிழ்ந்தார்கள். நாம் இதை மறுபக்கமாகப் பார்க்கிறோம். பரிசோதகர் வராத இடத்தில் அந்த வேலையும் எம் தலையில் விழுகிறது. கவனமாக நடக்கும் கடமைக்குச் சட்டத்தில் விலக்கு இல்லை. அறக்கட்டளையின் பொறுப்பாளர்கள் என்ற முறையில் சபையினர் ஒவ்வொருவரும் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

எந்தச் சான்று எந்த இடத்துக்கு

சான்றிதழ் இருக்கிறதா என்று மட்டும் கேட்பது போதாது. எந்த இடத்துக்கான சான்று என்று கேட்க வேண்டும். இந்த நாட்டில் மவுண்டன் ட்ரெயினிங் என்ற அமைப்பு பயிற்றுநர் சான்றுகளைத் தரம் பிரித்து வைத்திருக்கிறது. உள்ளரங்கச் சுவரில் பிள்ளைகளை மேற்பார்வை செய்வதற்கு 'கிளைம்பிங் வோல் இன்ஸ்ட்ரக்டர்' என்ற சான்று. அதை வைத்திருப்பவர் சுவரில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்தச் சான்று வெளிப் பாறைக்குச் செல்லாது. அதிலும் கயிற்றிறக்கம் ஒரு தனிப் பகுதி. அதைச் செய்திருந்தால்தான் அதற்குத் தகுதி.

வெளிப் பாறைக்கு 'றொக் கிளைம்பிங் இன்ஸ்ட்ரக்டர்' சான்று வேண்டும். முன்பு இதற்கு 'சிங்கிள் பிட்ச் அவோட்' என்று பெயர். பழைய பயிற்றுநர்களிடம் அந்தப் பெயரில் இருப்பதும் செல்லுபடியாகும். இதுவும் ஒரே கயிற்று நீளத்தில் ஏறி முடிக்கும், வற்றுப்பெருக்கு இல்லாத பாறைகளுக்கு மட்டும். கடலோரக் குன்றுகளுக்கும் பல கட்டமாக ஏறும் உயர் பாறைகளுக்கும் மேற்படிச் சான்றுகள் தனியாக இருக்கின்றன.

இதைப் பெற ஒருவர் என்ன செய்ய வேண்டும் என்று பார்த்தால் இதன் பாரம் விளங்கும். முதலில் தன் சொந்த அனுபவத்தைப் பதிவேட்டில் எழுதிச் சேர்க்க வேண்டும். பின் பயிற்சி வகுப்பு. அதன்பின் பழகும் காலம். அதில் அனுபவம் உள்ள பயிற்றுநருக்கு உதவியாளராக நின்று பல தடவைகள் குழுக்களை நடத்திப் பார்க்க வேண்டும். சோதனைக்குப் போகும்போது 18 வயது நிறைந்திருக்க வேண்டும். வெளிப் பாறையில் தானே முன்னின்று ஏறிய பாதைகள் குறைந்தது 40 பதிவேட்டில் இருக்க வேண்டும். 16 மணித்தியால முதலுதவிச் சான்றும் கையில் இருக்க வேண்டும். கணக்காளர் சங்கச் சோதனைக்கு வேலை அனுபவப் பதிவேடு எழுதியவர்களுக்கு இந்த முறை புதிதல்ல. பாடம் படித்தால் மட்டும் போதாது, மேற்பார்வையில் வேலை செய்து காட்டு என்பதே இரண்டிலும் விதி.

சில பெற்றோர் தம் பிள்ளை பல்கலைக்கழகத்தில் பாறையேற்றக் கழகத்தில் இருக்கிறார், அவரே கூட்டிச் செல்லலாமே என்று கேட்டார்கள். அந்தப் பிள்ளைகளின் ஆர்வம் எமக்குப் பெருமை. ஆனால் நன்றாக ஏறுபவர் வேறு, பத்துப் பிள்ளைகளை ஒரே நேரத்தில் கண்ணில் வைத்திருப்பவர் வேறு. நல்ல நாதஸ்வர வித்துவான் எல்லோரும் நல்ல ஆசிரியராக இருந்ததை நாம் கண்டோமா?

சாரணர் இயக்கத்திலும் இதே கொள்கைதான். அங்கே பாறையேற்றத்தை நடத்தும் பெரியவருக்குச் சீருடை போதாது. தனியான நடவடிக்கை அனுமதி வேண்டும். தொழில்நுட்பத் திறமையோடு இயக்க விதிகளைப் பற்றிய அறிவு, சிறுவர் பாதுகாப்பு, தனிப்பட்ட பொருத்தம் ஆகியவற்றையும் பார்த்தே அதைக் கொடுப்பார்கள். அதிகம் போனால் ஐந்து வருடம். பிறகு மீண்டும் பார்க்க வேண்டும். ஒருமுறை தெரிந்தவருக்கு என்றும் தெரியும் என்று அவர்கள் எடுத்துக்கொள்வதில்லை.

ஏறாத நேரமும் மேற்பார்வை நேரமே

பயிற்றுநரை வாடகைக்கு அமர்த்திவிட்டால் எம் பெரியவர்களுக்கு வேலை இல்லை என்று நினைப்பது பெரும் தவறு. 2018 ஓகஸ்ட் 26 அன்று வட வேல்ஸின் லண்டுட்னோவில் உள்ள கிறேற் ஓம் என்ற குன்றுக்குச் சாரணர் குழுவொன்று சென்றது. பாறை ஏற அல்ல, நடக்க. 16 வயது மாணவர் ஒருவர் இரு நண்பர்களோடு, பெரியவர் எவரும் பக்கத்தில் இல்லாமல், வேறு பாதையில் போனார். ஏறத்தாழ 200 அடி உயரத்திலிருந்து விழுந்து இறந்தார். 2024 பெப்ரவரியில் மரண விசாரணை யூரிகள் அதைச் சட்டவிரோதக் கொலை என்றும், சாரணர் சங்கத்தின் அலட்சியமும் அதற்குக் காரணம் என்றும் தீர்ப்பளித்தனர். அந்தப் பெற்றோர் அந்தத் தீர்ப்பைக் கேட்க ஐந்து வருடத்துக்கு மேல் காத்திருந்தார்கள்.

எமது பயணத்திலும் ஆபத்து அதிகமான நேரம் கயிறு கட்டியிருக்கும் நேரமாக இராது. முறை வரும்வரை காத்திருக்கும் நேரம், சாப்பாட்டு நேரம், கழிப்பறை தேடிப் போகும் நேரம், பஸ்ஸுக்கு நடக்கும் நேரம் ஆகியவற்றைத்தான் நாம் பயப்பட வேண்டும். பயிற்றுநரின் கண் கயிற்றில் இருக்கும், இருக்கவும் வேண்டும். மற்றப் பிள்ளைகள் மீது இருக்க வேண்டிய கண் எம்முடையது. ஆகவே இன்னின்ன ஆறு பிள்ளைகள் இன்னாரின் பொறுப்பு என்று புறப்படும் முன்னரே எழுத்தில் பிரித்துக் கொடுக்க வேண்டும். எல்லோரும் எல்லோரையும் பார்ப்போம் என்றால் என்ன நடக்கும் என்று தேர்த்திருவிழாவில் பிள்ளையைத் தவறவிட்ட எவருக்கும் சொல்லத் தேவையில்லை.

பாறையின் விளிம்பைப் பற்றி ஒரு வார்த்தை. மேலே நிற்கும் பெரியவரும் பிடிமானத்தோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பயிற்றுநர் காட்டும் எல்லைக்குள் நிற்க வேண்டும். படம் பிடிக்கும் மாமாமாருக்கு இதைக் குறிப்பாகச் சொல்கிறோம். கைத்தொலைபேசித் திரையைப் பார்த்துக்கொண்டு பின்னால் நடக்கும் பழக்கம் கல்யாண மண்டபத்தோடு இருக்கட்டும்.

கூடச் செல்பவர் பழக வேண்டியவை

எம் பெரியவர்கள் பயிற்றுநராக வேண்டியதில்லை. ஆனால் பார்த்தால் பிழை தெரிய வேண்டும். அதற்கு அவர்கள் முதலில் உள்ளரங்கச் சுவரில் அறிமுக வகுப்பொன்றில் தாமே கச்சை கட்டி, எட்டு வடிவ முடிச்சைப் போட்டு, கயிறு பிடித்துப் பழக வேண்டும். மேலும் விரும்புவோருக்கு உதவியாளர் சான்றும் உண்டு.

கற்க வேண்டிய முதற் பழக்கம் இருவர் சரிபார்ப்பு. ஏறுபவரும் கயிறு பிடிப்பவரும் ஒருவரையொருவர் ஒவ்வொரு தடவையும் சோதிக்க வேண்டும்: கச்சையின் கொளுவி, முடிச்சு, கருவியில் கயிறு சரியான பக்கமாகப் போகிறதா, கரபினர் எனும் கொளுக்கி பூட்டியிருக்கிறதா, தலைக்கவசத்தின் நாடி வார் இறுகியிருக்கிறதா என்று. எமது ஆலய உண்டியலைத் திறக்கும்போது இருவர் எண்ணி இருவர் கையெழுத்திடுகிறோம். அது எவரையும் கள்ளன் என்று சந்தேகித்து அல்ல. நேர்மையானவரும் களைத்த நேரத்தில் தவறாக எண்ணுவார் என்பதால். கயிற்றிலும் அப்படியே. இருபது வருட அனுபவமுள்ளவரையும் சோதிக்க வேண்டும். "நான் பார்த்துவிட்டேன்" என்று ஒருவர் சொன்னால் மற்றவர் "சரி, நானும் பார்க்கிறேன்" என்று சொல்லக் கூச்சப்படக் கூடாது. எங்கள் ஆட்களுக்கு மூத்தவரைச் சோதிக்கக் கை வராது; அதனால்தான் இதைப் பழக்கமாக்க வேண்டும் என்கிறோம்.

சிறு பிள்ளைகளுக்கு இடுப்பு எலும்பு இன்னும் அகலாததால் இடுப்புக் கச்சை நழுவலாம். தலைகீழானால் வெளியே வந்துவிடும். அவர்களுக்கு மார்பையும் சேர்த்துக் கட்டும் முழு உடற் கச்சை தேவைப்படும். பருமனான பிள்ளைக்கும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். எல்லோர் முன்னிலையிலும் உரத்துக் கேட்காமல், தனியாக.

இனி எம் பிள்ளைகளுக்கே உரிய சில விடயங்கள். இவை எந்த ஆங்கிலக் கைநூலிலும் இருக்கமாட்டா. கழுத்துச் சங்கிலி, தாயத்து, காப்பு, மோதிரம், மணிக்கட்டில் கட்டிய காப்பு நூல் எல்லாம் கழற்றப்பட வேண்டும். நூல் இலகுவில் அறும், ஆனால் கறுப்புக் கயிறும் வெள்ளிக் காப்பும் அறா. விரலும் கையும் சிக்கும். பூசை செய்து கட்டிய நூலைக் கழற்றலாமா என்று சிலர் கேட்டார்கள். ஐயாவிடம் கேட்டோம். கழற்றிச் சாமி படத்தடியில் வைத்துவிட்டுப் போகலாம், வந்து மீண்டும் கட்டிவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். நீண்ட கூந்தலைப் பின்னி மட்டும் விட்டால் போதாது. பின்னலை மேற்சட்டைக்குள் செருக வேண்டும். விரதம் இருக்கும் பிள்ளை அன்று ஏறக்கூடாது, அல்லது விரதத்தை வேறு நாளுக்கு மாற்ற வேண்டும். வெறும் வயிற்றோடு உயரத்துக்குப் போனால் தலை சுற்றும். தொய்வு உள்ள பிள்ளையின் பம்ப் பஸ்ஸில் அல்ல, பொறுப்பானவரின் பையில் இருக்க வேண்டும்.

ஊரிலிருந்து அண்மையில் வந்த பிள்ளைகள் சிலரும் எமது பிரிவில் இருக்கிறார்கள். வகுப்பறையில் ஆங்கிலம் விளங்கும் பிள்ளைக்குக்கூட முப்பது அடி உயரத்தில் பயந்து நிற்கும்போது அது விளங்காமற் போகும். ஆகவே ஒவ்வொரு குழுவிலும் தமிழ் பேசும் பெரியவர் ஒருவர் கீழே நிற்க வேண்டும். ஆனால் கட்டளை ஒரு வாயிலிருந்துதான் வர வேண்டும். பயிற்றுநர் சொல்வதை அவர் தமிழில் சொல்லலாம். தன் சொந்த யோசனையைச் சேர்க்கக் கூடாது. ஐந்து பேர் கீழே நின்று "இடது காலை வை", "இல்லை வலது" என்று கூவினால் பிள்ளை எதைக் கேட்கும்?

"மாட்டேன்" என்று சொல்லும் உரிமை ஒவ்வொரு பிள்ளைக்கும் உண்டு. பாதியில் சொன்னாலும் உண்டு. "பெட்டைப்பிள்ளை மாதிரிப் பயப்படுறான்" என்ற பேச்சு அன்று எவர் வாயிலும் வரக்கூடாது. அதைக் கேட்டு ரோசத்தில் ஏறும் பிள்ளை முடிச்சைப் பார்க்க மறக்கும். மறுபுறம், பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்கிறோம்: பாறையேற்றத்தில் தோள் வலிமையைவிடக் காலும் சமநிலையுமே அதிகம் உதவும். பரதநாட்டியம் படிக்கும் பிள்ளைகளுக்கு அது நிறைய உண்டு. கூடச் செல்லும் பெரியோரில் தாய்மாரும் இருக்க வேண்டும் என்பது எமது பரிந்துரை.

தொண்டராக முன்வரும் அப்பாமாருக்கு, முதலில் தாதியான எம் அங்கத்தவரின் வேண்டுகோள். போர்க் காலத்தில் கையிலோ தோளிலோ காயம்பட்டவர்கள், இன்னும் ஷெல் துண்டு உடம்பில் உள்ளவர்கள், பிடிப்பு வலுக் குறைந்தவர்கள் அதை முன்கூட்டியே சொல்லுங்கள். கயிறு பிடிப்பதைத் தவிர இருபது வேலை இருக்கிறது. இதில் மறைப்பதற்கு எதுவுமில்லை.

கயிற்றிறக்கம் பற்றிச் சற்று விரிவாக

முன்பு சொல்லி விட்ட இடத்துக்கு வருகிறோம். குழுவாக இறக்கும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு கயிறுகள் இருக்க வேண்டும். ஒன்று பிள்ளை தானே கையாண்டு இறங்கும் கயிறு. மற்றது பிள்ளையின் கச்சையில் கட்டி, மேலே நிற்கும் பயிற்றுநர் தன் கையில் வைத்திருக்கும் காப்புக் கயிறு. பிள்ளை பயந்து இரண்டு கையையும் விட்டாலும் காப்புக் கயிறு தாங்கும்.

இறங்கும் கயிறு மேலே எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதுதான் அடுத்தது. அது நிரந்தர முடிச்சாக இறுகியிருக்கக் கூடாது. சுமை தொங்கும்போதே மேலேயிருந்து தளர்த்திவிடக் கூடியதாக இருக்க வேண்டும். ஏனென்றால் கயிற்றிறக்கத்தில் அடிக்கடி நேரும் வில்லங்கம் தலைமயிரோ சட்டை ஓரமோ கருவிக்குள் இழுபடுவது. அப்போது பிள்ளை தன் முழுப் பாரத்தோடும் மயிரில் இழுபட்டு நடுவழியில் நிற்கும். தளர்த்தக்கூடிய கட்டாக இருந்தால் பயிற்றுநர் பாரத்தைக் காப்புக் கயிற்றுக்கு மாற்றி, மற்றதைத் தளர்த்திவிட்டால் சிக்கு விடுபடும். இல்லாவிட்டால் எவரோ கத்தியை எடுக்க நினைப்பார். இறுகி நிற்கும் கயிற்றுக்குப் பக்கத்தில் கத்தி பட்டால் நூல் அறுவதுபோல அறும். ஆகவே பயிற்றுநரிடம் "இது தளர்த்தக்கூடிய கட்டா?" என்று கேளுங்கள். நல்ல பயிற்றுநர் கோபிக்கமாட்டார், காட்டித் தருவார்.

எல்லாப் பாறையிலும் இறங்கவும் கூடாது. எமக்கு அண்மையில், சசெக்ஸ் கென்ற் எல்லையில் குறூம்பிறிட்ஜ் ஊருக்குப் பக்கத்தில், ஹரிசன்ஸ் றொக்ஸ் என்ற மணற்பாறை இருக்கிறது. பிரித்தானிய மலையேற்றப் பேரவையின் பொறுப்பில் உள்ளது. அது மிக மென்மையான கல். கயிறு கல்லில் உராய்ந்தால் பள்ளம் விழும். அதனால் மேற்பிடிமானத்தை நீள வாரில் கட்டி, கயிறு ஓடும் கொளுக்கி பாறை விளிம்புக்கு வெளியே தொங்கும்படி விட வேண்டும். மழைக்குப் பின் கல் நனைந்திருந்தால் பிடிகள் உடையும்; ஏறக்கூடாது. கயிற்றிறக்கம் அங்கே வேண்டாம் என்பதே நடைமுறை விதி. வட இங்கிலாந்தின் கரடுமுரடான கல்லில் இருபது வருடம் ஏறியவருக்கும் இது தெரியாமல் இருக்கலாம். அந்தந்த இடத்தை அறிந்த பயிற்றுநரைத் தேட வேண்டும் என்று நாம் சொல்வது இதனால்தான். எமது பிள்ளைகள் கேட்ட இறக்கத்தை வேறிடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

கடதாசி வேலை

இதில் எமக்கு ஆர்வம் அதிகம். உங்களுக்குக் குறைவு என்பது தெரியும், சுருக்கமாகவே சொல்கிறோம். ஆலயத்தின் காப்புறுதி திருவிழாவுக்கும் பூசைக்கும் எடுத்தது. பொதுப் பொறுப்புக் காப்புறுதிகளில் இப்படியான அபாய விளையாட்டுகள் விலக்கப்பட்டிருப்பது வழக்கம். காப்புறுதிக் கம்பனியிடம் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் பெற வேண்டும். தொலைபேசியில் "ஓம்" என்றது கணக்கில் வராது. நிலையத்தின் காப்புறுதிப் பத்திரத்தையும் திகதியோடு பார்க்க வேண்டும்.

பெற்றோர் கையெழுத்திடும் சம்மதப் படிவத்தில் "எது நடந்தாலும் நிலையம் பொறுப்பல்ல" என்று எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம், நம்பவும் வேண்டாம். தொழிலாக நடத்துபவர் தன் கவனயீனத்தால் நேரும் மரணத்துக்கோ காயத்துக்கோ உள்ள பொறுப்பை அப்படி ஒரு வரியால் கழற்ற முடியாது. 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் அதைத் தடுக்கிறது. அதேபோல், ஆலயமும் பெற்றோரின் கையெழுத்தை வாங்கிவிட்டோம் என்று சும்மா இருக்க முடியாது. படிவத்தின் உண்மையான பயன் நோய், மருந்து, ஒவ்வாமை, அவசரத் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை அறிவது. அதை உண்மையாக நிரப்புங்கள். வலிப்பு வந்த பிள்ளையை "ஊர் கதைக்கும்" என்று மறைத்து அனுப்பாதீர்கள். தாளைப் பார்ப்பவர் ஒருவரே.

பிள்ளைகளோடு தொடர்ந்து வேலை செய்யும் பெரியோருக்குப் பின்னணிச் சோதனை வேண்டும். 2012 டிசம்பருக்கு முன் எடுத்த சீ.ஆர்.பி. கடிதத்தைச் சிலர் இன்னும் கொண்டு வந்து காட்டுகிறார்கள். அதன் இடத்தை டீ.பீ.எஸ். எடுத்து நீண்ட காலமாகிவிட்டது.

சபைக்கு நாம் கொடுத்திருக்கும் பரிந்துரை இது. ஆலயம் பாறையேற்றத்தைத் தானே நடத்தக் கூடாது. வெளிப் பாறை நாளுக்கு அனுமதிப்பத்திரமுள்ள நிலையத்தை அமர்த்த வேண்டும். உள்ளரங்க நாளுக்கு அனுமதிப்பத்திரம் கேட்க முடியாது. ஆகவே பயிற்றுநர் ஒவ்வொருவரின் சான்றையும் பெயரோடு பார்க்க வேண்டும். கூடச் செல்லும் பெரியோர் எண்மர், அவர்களில் பாதிப் பேர் பெண்கள். இருவரை 16 மணித்தியால முதலுதவி வகுப்புக்கு அனுப்பும் செலவை இளைஞர் நிதியிலிருந்து கொடுக்க வேண்டும். அந்த அறிவு ஆலயத்தில் மற்ற நாட்களிலும் பயன்படும். எண்மரும் பிள்ளைகளுக்கு முன்பாக ஒரு மாலை சுவரில் பழகி முடிக்காவிட்டால் பயணத்தைப் பிற்போட வேண்டும். பஸ்ஸுக்குக் கட்டிய முற்பணம் போனாலும் போகட்டும்.

பெயர் தர விரும்பும் பெற்றோர் வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பின் அலுவலக மேசையில் உள்ள கொப்பியில் எழுதலாம். பிள்ளைகளுக்கான சுருக்கம் ஆங்கிலப் பகுதியில் இருக்கிறது. சுவருக்கு வரும் மாலை தட்டையான சப்பாத்தும் தளர்வான காற்சட்டையும் போதும். கல்யாண மோதிரம் வருடக் கணக்காகக் கழற்றாதவர்கள் சவர்க்காரம் போட்டு வீட்டிலேயே கழற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள்.